எதிரி எங்கே? ‘ரெஸ்ட்ரெப்போ’ படம் பற்றி ஒரு கேள்வியும் என் குறிப்புகளும்

கேள்வி: ஓமலூர் வாசகர், 3 ஜூன் 2023

போன வாரம் ‘ரெஸ்ட்ரெப்போ’ பார்த்தேன். ஆப்கானிஸ்தான் போரைப் பற்றிய ஆவணப்படம் என்றார்கள். ஒன்றரை மணி நேரத்தில் எதிரி யார் என்றே தெரியவில்லை. மண் வெட்டுகிறார்கள், மல்லுக்கட்டி விளையாடுகிறார்கள், பாட்டுப் போட்டு ஆடுகிறார்கள், தூங்குகிறார்கள். நடுநடுவே எதிர்மலையைப் பார்த்துச் சுடுகிறார்கள். ஏன் அங்கே போனார்கள் என்று விளக்க ஒரு பின்னணிக் குரல்கூட இல்லை. இதை எப்படிப் போர்ப்படம் என்கிறார்கள்? ராணுவத்தில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு

நான் இருந்தேன். 1993 முதல் 2010 வரை 17 வருடம். துப்பாக்கி தூக்கியதைவிட மருந்துப் பை தூக்கியதுதான் அதிகம். ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டெண்ட், பயிற்சி லக்னோவில். அந்த 17 வருடத்தில் இரண்டேகால் வருடம், 2000 கடைசியிலிருந்து, ஜம்முவுக்கு மேலே சீனாப் ஆற்றைப் பார்த்த ஒரு மலைமுகட்டில் சின்ன காவல் போஸ்டில் இருந்தேன். இப்போது ஏற்காட்டில் ஒரு காபி தோட்டத்து மருந்தகத்தில் வேலை.

எதிரி கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலையே. அந்த இரண்டேகால் வருடத்தில் ஆயுதத்தோடு நின்ற ஒரு ஆளை நான் உயிரோடு பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் பைனாகுலரில், எதிர்ச்சரிவில். கையில் இருப்பது துப்பாக்கியா, ஆடு மேய்க்கிற கோலா என்று நாங்கள் பேசி முடிப்பதற்குள் மரங்களுக்குள் போய்விட்டார். துப்பாக்கி என்று சொன்னவர் எங்களில் கண் நல்ல கூர்மையான ஆள், அதனால் நம்பினோம்.

மற்ற நாளெல்லாம் என்ன செய்தோம் என்றால், விடிவதற்கு முன் ஸ்டாண்ட்-டூ. எல்லாரும் அவரவர் இடத்தில் ஆயுதத்தோடு, வெளிச்சம் வரும்வரை. அப்புறம் ரோடு ஓப்பனிங். ரோட்டின் இரண்டு பக்கமும் நடந்து, பாலம் சின்னப் பாலம் ஒவ்வொன்றுக்கும் அடியில் குனிந்து பார்த்து, புதிதாகக் கிளறின மண் தெரிகிறதா, நேற்று இல்லாத கல் குவியல் இன்றைக்கு இருக்கிறதா என்று பார்த்து, ஒருவர் கண்ணுக்கு அடுத்தவர் படுகிற தூரத்தில் நின்றுவிட வேண்டும். கான்வாய், அதாவது ராணுவ வண்டி வரிசை, மேலே போகும். அது திரும்பும்வரை நிற்க வேண்டும், எட்டு மணி நேரம், பத்து மணி நேரம். ஒன்றும் நடக்காது. சாயங்காலம் முகாமுக்குத் திரும்பினால் மறுபடி ஸ்டாண்ட்-டூ, அப்புறம் லங்கர் என்கிற சமையல்கூடத்தில் ரொட்டியும் பருப்பும், அப்புறம் சென்ட்ரி, அதாவது காவல் முறை.

ஒன்றும் நடக்காத அந்த எட்டு மணி நேரத்தில் ஒரு ஆளின் முகம் எப்படி இருக்கும் என்று முதல் தடவையாக நான் திரையில் பார்த்தது இந்தப் படத்தில்தான்.

4 ஜூன், காலை

நேற்று ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ரெஸ்ட்ரெப்போ என்பது ஊர் பேரோ மலை பேரோ இல்லை, ஒரு ஆளின் பேர். ஹுவான் செபாஸ்டியன் ரெஸ்ட்ரெப்போ, கொலம்பியாவில் பிறந்த அமெரிக்க சிப்பாய். படத்தில் வருகிற பிளட்டூனின், அதாவது அந்தச் சின்னப் படைப்பிரிவின், மருத்துவ உதவியாளர், என் வேலைதான். 2007 மே மாதம் அவர்கள் ஆப்கானிஸ்தானில் கோரங்கல் பள்ளத்தாக்குக்குப் போகிறார்கள், ஜூலை 22-ல் இவர் சண்டையில் இறந்துபோகிறார். அப்புறம் கூட இருந்தவர்கள் ராத்திரியில் ஒரு மேட்டில் ஏறி, சுட்டுக்கொண்டே மண் வெட்டி, மூட்டை அடுக்கி ஒரு காவல் முகாம் கட்டி, அதற்கு அவர் பேரை வைக்கிறார்கள். அந்தப் பேர்தான் படத்துக்கும்.

கூட இருக்கிற ஆட்கள் மருந்துப் பைக்காரனை ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே அவரை ‘டாக்’ என்றார்கள், எங்கள் போஸ்டில் என்னை ‘டாக்டர் சாப்’ என்றார்கள், தமிழ்ப் பையன்கள் ‘டாக்டர் அண்ணே’ என்றார்கள். டாக்டர் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த மலையில் அந்த வார்த்தைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆரம்பத்திலேயே அந்த ஆள் போய்விட்டார் என்றால் அந்தப் பிளட்டூனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு யோசிக்கவே வேண்டாம்.

படம் தொடங்குவது ரயிலில். இத்தாலியில், போருக்குப் போவதற்கு முன் ஊர் சுற்றப் போன நண்பர்கள் கேமராவைப் பார்த்துச் சிரித்துக் கத்துகிறார்கள், ரெஸ்ட்ரெப்போவும் அதில் இருக்கிறார். நான் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். சேலம் ஜங்ஷனில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஏறுவோம், வாரத்துக்கு ஒரு நாள் வண்டி. கறுப்பு ட்ரங்க் பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டால் ஜோலார்பேட்டை வருவதற்குள் அடுத்த பெட்டியிலிருந்து இன்னும் நாலு ஃபவுஜிகள், பட்டாளத்து ஆட்கள், வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஜம்மு தாவி வரைக்கும் சீட்டாட்டம், சத்தம், சிரிப்பு. அதே முகங்கள்தான் இவை.

4 ஜூன், மதியம்

எடுத்தவர்கள் இரண்டு பேர்: டிம் ஹெதரிங்டன் என்ற பிரிட்டிஷ் புகைப்படக்காரர், செபாஸ்டியன் யுங்கர் என்ற அமெரிக்க எழுத்தாளர். சுமார் ஒரு வருட காலம் சேர்ந்தும் தனித்தனியாகவும் அந்த முகாமுக்குப் போய்ப் போய் வந்து எடுத்தார்கள். 2010-ல் சண்டான்ஸ் விழாவில் ஆவணப்படத்துக்கான பெரிய பரிசு வாங்கியது. ஆஸ்கார் பட்டியலிலும் இடம்பிடித்தது, ஆனால் கிடைக்கவில்லை.

பின்னணிக் குரல் இல்லை என்பது உங்கள் புகார். வேண்டுமென்றே வைக்காமல் விட்டார்கள். தளபதியோ மந்திரியோ நிபுணரோ வந்து விளக்கமாட்டார். முகாமில் இருந்த ஆட்கள் அங்கேயே உட்கார்ந்து பேசுவது மட்டும்தான். மேலே இருப்பவர்கள் ஏன் முடிவெடுத்தார்கள் என்பது போஸ்டில் இருக்கிற ஆளுக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டான். அவனுக்குத் தெரிந்த அளவு மட்டும்தான் நமக்கும்.

4 ஜூன், இரவு

மதியம் எழுதியதில் ஒரு பிழை. அந்தப் பேட்டிகள் முகாமில் எடுத்தவை இல்லை. 15 மாதம் முடிந்து திரும்பியபின் இத்தாலியில், அவர்களுடைய படை முகாம் இருந்த விசென்சாவில் எடுத்தவை. இன்றைக்கு மறுபடி பார்த்தபோதுதான் கவனித்தேன்: பின்னால் வெறும் கறுப்பு, முகம் மட்டும் பெரிதாக. முகாமில் சவரம் செய்யாமல், அழுக்காக, சிரித்துக்கொண்டிருந்த அதே ஆள், இங்கே சுத்தமாகக் குளித்து உட்கார்ந்திருக்கிறார், வார்த்தை வரவில்லை. பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணை எங்கேயோ வைத்திருக்கிறார். கேமரா நகரவில்லை.

இது சின்னத் திருத்தம் இல்லை. அங்கே இருக்கும்போது அவர்களுக்கு எதுவும் ஆகவில்லை போல இருக்கிறது. ஊருக்கு வந்தபின்தான் ஆகிறது. நான் லீவில் வந்தால் முதல் நாலு நாள் அம்மா என்னிடம் பேசமாட்டார், சாப்பாடு மட்டும் போடுவார். ஏன் என்று ரொம்ப வருடம் கழித்துக் கேட்டேன். “நீ இன்னும் வந்து சேரலை கண்ணு, அதான்” என்றார்.

6 ஜூன்

தூங்குவதைக் காட்டுவதெல்லாம் வீண் என்று இன்னொருவரும் எழுதியிருக்கிறார். இதற்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஹெதரிங்டன் அந்தப் பள்ளத்தாக்கில் தூங்குகிற சிப்பாய்களை மட்டும் தனியாகப் படமெடுத்து ஒரு தொகுப்பாக வைத்திருக்கிறார். சுருண்டு, வாய் திறந்து, கன்னத்தில் கை வைத்து, பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி கிடக்கிறார்கள். பதுங்குகுழியில் களைத்துச் சாய்ந்திருக்கிற ஒரு சிப்பாயை எடுத்த அவருடைய இன்னொரு படத்துக்கு உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதில் 2007-ன் சிறந்த படம் என்ற பரிசு கிடைத்தது.

நான் அந்தத் தூங்குகிற முகங்களை வேறு காரணத்துக்காகப் பார்த்தவன். எங்கள் பங்கரில் புகாரி இருக்கும். மண்ணெண்ணெயிலோ விறகிலோ எரிகிற இரும்பு அடுப்பு, மேலே புகைக்குழாய். வெளியே பனி விழும்போது அது இல்லாமல் தூங்க முடியாது. ஆனால் தூங்கும்போது அதை அணைத்துவிட வேண்டும், காற்றுவழியைத் திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, இருமல் வராது, தலைவலிக்கும், தூக்கம் இன்னும் ஆழமாகும், காலையில் எழுந்திருக்கமாட்டார்கள். குண்டடிபடாமல் இப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள். குளிரில் ஆட்கள் அந்தக் காற்றுவழியைச் சாக்கு வைத்து அடைத்துவிடுவார்கள். எத்தனை தடவை சொன்னாலும் அடைப்பார்கள்.

அதனால் ராத்திரி பதினொன்றுக்கு ஒரு தடவை, இரண்டு மணிக்கு ஒரு தடவை நான் எழுந்து ஒவ்வொரு பங்கராகப் போவேன். யாரும் போகச் சொல்லவில்லை. சென்ட்ரிக்கு அடையாளச் சொல் சொல்லிவிட்டு, உள்ளே குனிந்து நுழைந்து, புகாரியைத் தொட்டுப் பார்த்து, சாக்கை உருவிவிட்டு, டார்ச்சைக் கையால் மறைத்து முகம் முகமாகப் பார்ப்பேன். மூச்சு சீராக இருக்கிறதா, உதடு இயல்பான நிறத்தில் இருக்கிறதா. நாமக்கல் பையன் ஒருவன் தூக்கத்தில் லாரி கியர் போடுகிற மாதிரி கையை அசைப்பான், ஊரில் அவன் அப்பா லாரி டிரைவர். இன்னொருவர், மூத்தவர், பகலில் யாரையும் பக்கத்தில் விடமாட்டார், தூங்கும்போது போர்வை நுனியை விரலில் சுற்றி வைத்திருப்பார். அந்த ஹவில்தாருக்கு நான் பார்த்தது தெரியாது. தெரிந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பார்.

இந்தப் படத்தில் தூங்குகிறவர்களைப் பார்த்தபோது என் கை தன்னால் புகாரியைத் தேடியது.

7 ஜூன், காலை

சுருக்கமாக. ஆடுவதைக் காட்டியது ராணுவத்துக்கு அவமானம் என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. பதினைந்து, இருபது ஆட்கள், குழாய்த் தண்ணீர் இல்லை, போன் இல்லை, குளித்து வாரக்கணக்கில் ஆகிறது, கழிவை டீசல் ஊற்றி அவர்களே எரிக்க வேண்டும். ஆடாமல் என்ன செய்வார்கள்? எங்களிடம் ஒரு டேப்ரிக்கார்டரும் ஆறு தமிழ் கேசட்டும் இருந்தன. டேப் அறுந்தால் நான்தான் மருத்துவப் பிளாஸ்திரியைப் பொடியாக வெட்டி ஒட்டுவேன். ஒட்டின இடத்தில் பாட்டு ஒரு வார்த்தை தாவும். கர்வாலிலிருந்து வந்த சிப்பாய்கள் அந்தப் பாட்டைத் தாவலோடு சேர்த்தே கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்தப் பாட்டை ரேடியோவில் முழுதாகக் கேட்டால் எனக்கு ஒரு வார்த்தை கூடுதலாக இருக்கிற மாதிரி தோன்றும்.

7 ஜூன், மாலை

பாட்டைப் பற்றி எழுதியதும் மாம்பழம் ஞாபகம் வந்துவிட்டது. 2001 மே மாதக் கடைசியில் லீவு முடிந்து போகும்போது அம்மா ஒரு அட்டைப் பெட்டி நிறைய மாங்காய் அடுக்கிக் கொடுத்தார், நடுநடுவே வைக்கோல். செங்காயாகத்தான் வைத்தார். ஹிம்சாகரில் நாக்பூர் தாண்டும்போது பெட்டி முழுக்க வாசனை. டெல்லி வருவதற்குள் பாதி கனிந்துவிட்டது. ஜம்முவிலிருந்து கான்வாயில் இரண்டு நாள். போஸ்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தேறியது பதினொன்று. முப்பத்திரண்டு பேர். லங்கர் சமையல்காரர் பழத்தை வாங்கி, மயிர்க்கனத்துக்குச் சீவி, ஒரு ஆளுக்கு மூன்று துண்டு என்று எண்ணி மெஸ் டின்னில் வைத்தார். கொட்டையை யாருக்கு என்பதில் பெரிய சண்டை. ஒரு பையன் கொட்டையைச் சப்பி முடித்துவிட்டு பங்கருக்குப் பக்கத்தில் நட்டான். அங்கே நவம்பரில் பனி விழும். தெரிந்தும் தினம் தண்ணீர் ஊற்றினான். முளை வந்தது. ஒரு சாண் வளர்ந்தது. பனி வருவதற்கு முன் அதன்மேல் காலி டின் ஒன்றைக் கவிழ்த்து வைத்தான்.

வசந்தத்தில் டின்னை எடுத்துப் பார்த்தபோது ஒன்றும் இல்லை. அவன் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தான், அதனால் கடிதத்தில் எழுதவில்லை.

10 ஜூன்

இன்றைக்குப் படத்தை அம்மாவோடு பார்த்தேன். அம்மாவுக்கு 74. வாழப்பாடிப் பக்கம் ஊரில் தனியாக ஒரு கறவை மாட்டோடு இருக்கிறார், மழைக்காலத்தில் கொஞ்ச நாள் என்னோடு ஏற்காட்டில். ஆங்கிலம் தெரியாது, நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். குண்டு வெடிப்பதையெல்லாம் பேசாமல் பார்த்தார். அவர் வாயைத் திறந்தது ஒரே ஒரு இடத்தில்.

படம் பார்த்தவர்களுக்கு அந்தப் பசு ஞாபகம் இருக்கும். முகாமின் கம்பி வேலியில் ஒரு பசு சிக்கிக்கொள்கிறது. சிப்பாய்கள் அதைக் கொன்று சாப்பிட்டுவிடுகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்து பணம் கேட்கிறார்கள். மேலிடத்தில் கேட்டால் பணம் தர முடியாது என்கிறார்கள். பசுவின் எடைக்கு எடை அரிசி, பயறு, சர்க்கரை தருகிறோம் என்று பதில் போகிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு அது நியாயமான ஏற்பாடாகத்தான் தெரிந்தது. சொல்லப்போனால் தாராளம் என்றுகூட நினைத்தேன்.

அம்மா கேட்டார்: “அது கறவையா, சினையா?”

தெரியாது என்றேன்.

“யாருமே கேக்கலையா?”

படத்தில் அந்தக் கேள்வி என் காதில் விழவில்லை. மறுபடி ஓட்டிப் பார்த்தேன், விழவில்லை.

“கறவைன்னா பால் போச்சு. சினைன்னா கன்னும் போச்சு. எடைக்கு எடை அரிசி குடுத்தா கறிக்கடைக் கணக்குல்ல அது?” என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

11 ஜூன், விடியற்காலை

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

3-ம் தேதி உங்களுக்குப் பதில் சொன்னபோது எதிரி தெரியாததுதான் வேலை என்றேன். அது இப்போதும் சரி. ஆனால் அதோடு நிறுத்திவிட்டேன். படத்தில் எதிரி மட்டும் தெரியாமல் இல்லை. ஊர்க்காரர்களும் தெரியவில்லை. வாராவாரம் ஷூரா என்று கேப்டன் டேன் கியர்னி பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுகிறார். ரோடு வரும், வேலை வரும், காசு வரும் என்கிறார். தாடிக்கு மருதாணி பூசிய கிழவர்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன பேசினார்கள் என்பது படத்தில் கிடையாது. கேமரா மேட்டை விட்டு இறங்கினாலும் சிப்பாய்க்குப் பின்னாலேயேதான் இறங்குகிறது.

கோரங்கல்காரர்களுக்குப் பிழைப்பே மரம். அந்த மலையின் தேவதாருவை வெட்டி விற்றுத்தான் வாழ்ந்தார்கள். மர வியாபாரத்துக்குத் தடை வந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் அமெரிக்கர்களின் பெரிய முகாம் எழுந்ததே பழைய மரவாடி ஒன்று இருந்த இடத்தில். சண்டையில் பாதி அதிலிருந்து வந்தது. இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. மலையில் பிழைப்பு எப்படி மரத்தோடு பின்னிக் கிடக்கும் என்று சேர்வராயன் மலையில் இருக்கிற யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏறி நிற்கிற ஒரு தோட்டத்தின் நடுவே யாரோ வந்து முகாம் போட்டு இனி இந்த மரத்தைத் தொடாதே என்றால் நாகலூரிலும் மஞ்சக்குட்டையிலும் என்ன நடக்கும்?

இதைப் படத்தின் குறை என்று சொல்லலாமா என்று இரண்டு மணியிலிருந்து யோசிக்கிறேன். சிப்பாய்க்குத் தெரிந்த அளவு மட்டும்தான் நமக்கும் என்று நானே 4-ம் தேதி எழுதி அதைப் பாராட்டினேன். அப்படி எடுத்தது நேர்மை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் சிப்பாய்க்கு அவ்வளவுதான் தெரியும் என்பதில் என் பங்கு இருக்கிறது, அதை நான் எழுதவில்லை.

11 ஜூன், காலை

சோளம் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் போஸ்டுக்குக் கீழே படிப்படியாக வயல். அங்கே மக்காச்சோளம்தான் எல்லாம். ரொட்டியும் அதில், மாட்டுக்கும் அதில். ஆவணி வாக்கில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். போஸ்டுக்கு அது ஆபத்து, உள்ளே யார் ஊர்ந்து வந்தாலும் தெரியாது. அதனால் வேலியிலிருந்து இவ்வளவு தூரத்துக்கு முழங்கால் உயரத்துக்கு மேல் வளர்கிற பயிர் போடக் கூடாது என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். ஒரு பெரியவர் போட்டுவிட்டார். விதைக்கும்போது யாரும் கவனிக்கவில்லை. தலைக்கு மேல் வளர்ந்தபின் கவனித்தார்கள். ஒரு காலையில் வெட்டிச் சாய்த்தாயிற்று. கதிர் பால்பிடித்திருந்த நேரம்.

வெட்டியது சரி என்றுதான் நினைத்தேன், பயமும் உண்மை. முந்தின மாதம்தான் பக்கத்து போஸ்டில் சோளக்காட்டுக்குள்ளிருந்து சுட்டிருந்தார்கள். அந்தப் பெரியவர் எனக்குத் தெரிந்தவர், வெள்ளிக்கிழமைதோறும் ஊர்க்காரர்களுக்கு நான் மருந்து கொடுக்கும்போது இருமலுக்கு வருவார். வெட்டின அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். சோளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மருந்தை வாங்கி ஃபெரன் என்கிற நீள அங்கிக்குள் வைத்துக்கொண்டு, “நாலு கனால், டாக்டர் சாப்” என்று மட்டும் சொன்னார். கனால் என்பது அங்கே நில அளவு. இரண்டு மூட்டை கோதுமை மாவு கொடுத்தார்கள். கோவேறு கழுதையில் ஏற்றிவிட்டது நான்தான். அந்த வாரம் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், இங்கே ஊர்மக்களுக்கு நிறைய உதவி செய்கிறோம், நேற்றுக்கூட ஒருவருக்கு மாவு மூட்டை கொடுத்தோம் என்று எழுதினேன்.

பசு காட்சியை மூன்று தடவை பார்த்தும் எனக்கு இந்தச் சோளம் ஞாபகம் வரவில்லை. அம்மா கேட்டபின்தான் வந்தது.

13 ஜூன்

நேற்று ராத்திரி மருந்தகத்துக்குப் பின்னால் காபிச் செடிக்குள் சத்தம். மூடுபனி, பத்தடிக்கு மேல் தெரியவில்லை. கிளை முறிகிறது, நிற்கிறது, மறுபடி முறிகிறது. இப்போதெல்லாம் காட்டெருமை ஏற்காட்டில் சகஜம், பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் நான் சுவரோடு சுவராக ஒட்டி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்து வைத்தால் நம் மூச்சுச் சத்தம் காதை மறைக்காது, சென்ட்ரியில் கற்றுக்கொடுப்பார்கள். எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அம்மா உள்ளேயிருந்து “யாரு?” என்றார். “எருமை” என்றேன். குரல் சரியாக வந்தது.

படத்தில் ஒரு சிப்பாய் தூங்கப் பயந்து விழித்தே இருப்பதைப் பற்றிப் பேசுவார், பேசும்போது சிரிப்பார். அந்தச் சிரிப்பை முன்னால் நான் கவனிக்காமல் விட்டிருந்தேன்.

16 ஜூன்

எடுத்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று ஓமலூர்க்காரர் கேட்டிருக்கிறார். ஹெதரிங்டன் இல்லை. 2011 ஏப்ரல் 20, லிபியாவில் மிஸ்ராட்டா நகரில் சண்டையைப் படமெடுக்கப் போன இடத்தில் குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். கூடவே கிறிஸ் ஹோண்ட்ரோஸ் என்ற இன்னொரு புகைப்படக்காரரும். கோரங்கலில் ஒரு நடவடிக்கையின்போது கால் எலும்பு முறிந்து, முறிந்த காலோடு ராத்திரி முழுக்க மலை இறங்கி நடந்தவர் ஹெதரிங்டன்.

அவருக்கு அடிபட்டது தொடையும் இடுப்பும் சேருகிற இடத்தில். ரத்தம் போயே இறந்தார். ரத்தத்தை எப்படி நிறுத்துவது என்று தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் பிழைத்திருக்கலாமோ என்ற எண்ணம் யுங்கரை விடவில்லை. போர்முனைக்குப் போகிற சுதந்திரப் பத்திரிகையாளர்களுக்கு முதலுதவி கற்றுத்தர 2012-ல் அவர் ஒரு அமைப்பைத் தொடங்கினார்.

மருத்துவ உதவியாளனின் பேரில் எடுத்த படம், எடுத்தவர் போனது ரத்தம் நிற்காமல். இதை எழுதும்போது கை நின்றுவிட்டது.

அந்த இடம் கஷ்டமான இடம்தான். கையிலோ காலிலோ என்றால் மேலே இறுக்கிக் கட்டலாம். அரையில் பட்டால் கட்டுப்போட இடம் கிடையாது. துணியைக் காயத்துக்குள் திணித்து, முழங்காலை அதன்மேல் ஊன்றி, நம் முழு எடையையும் போட்டு அழுத்த வேண்டும். ஆள் வலியில் கத்துவார், எடுக்கக் கூடாது. துணியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கக் கூடாது. இங்கே மிளகு பறிக்கிற காலத்தில் ஒற்றை மூங்கில் ஏணி வைத்து சில்வர் ஓக்கில் நாற்பதடி ஏறுகிறார்கள். விழுவதும் உண்டு, இடுப்புக் கத்தி குத்துவதும் உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலத்துக்குப் போக வேண்டும். அதனால் வருடா வருடம் தை மாதம் பறிப்பு தொடங்குவதற்கு முன் தோட்டத்து ஆட்கள் எல்லாரையும் உட்கார வைத்து இதைச் செய்து காட்டுகிறேன். அடுத்த தையில் பெயர் சொல்லாமல் ஹெதரிங்டன் கதையையும் சொல்லப்போகிறேன்.

18 ஜூன்

கடைசியாக அந்த முகாம் என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு: 2010 ஏப்ரலில் அமெரிக்கர்கள் கோரங்கலை விட்டுப் போய்விட்டார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட அவர்கள் ஆட்கள் அந்தப் பள்ளத்தாக்கில் இறந்திருந்தார்கள். அப்படியானால் எல்லாம் வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குச் சொல்லத் தெரியாது. ரெஸ்ட்ரெப்போ பேர் வைத்த மேட்டை விட்டு இறங்கி வந்தவர்கள் சொல்ல வேண்டியது அது. எங்கள் போஸ்டையும் பிற்பாடு இடம் மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி. அந்த வயலில் இப்போது சோளம் நிற்கும்.

25 ஜூன்

அம்மாவை ஊரில் விட வாழப்பாடிக்குப் போயிருந்தேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து சோளக்கதையைச் சொன்னேன், 22 வருடம் கழித்து. கடிதத்தில் என்ன எழுதியிருந்தேன் என்பதையும்.

“எவ்வளவு நிலம்?”

நாலு கனால், நம் கணக்கில் அரை ஏக்கர் என்றேன்.

“தண்ணி பாச்சுறதா, மானாவாரியா?”

மானாவாரி.

கையைத் தவிட்டிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். “ஏழு மூட்டை வரும். ரெண்டு மூட்டை மாவு குடுத்தீங்க.”

ஆமாம் என்றேன்.

மாடு தொட்டியில் வாயை வைத்தது. அம்மா அதன் கழுத்தைத் தடவிவிட்டு என்னைப் பார்த்தார்.

“சரி. தட்டுக்கு? அவங்க மாட்டுக்கு அந்தப் பனியில என்ன குடுத்தீங்க?”